மன்ரோவியா, 1979: ஏறாத அரிசி விலைக்காக மூண்ட கலவரம் (நிகழ்வு ஆய்வு)

விலையை உயர்த்தும் அரசு முடிவுகள் பற்றிப் பேச்சு வந்தால் நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும் நிகழ்வு இது. இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா, தலைநகர் மன்ரோவியா. நாள் 1979 ஏப்ரல் 14. அரிசி மூட்டைக்கு 4 டாலர் கூட்டலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. யோசனை மட்டும்தான்; அரசு விலை அன்று காலை வரை ஒரு காசுகூட ஏறவில்லை. ஆனால் அந்த நாள் முடிவதற்குள் குறைந்தது 40 பேர் செத்துப்போனார்கள், 500 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். ஓராண்டுக்குள் 133 ஆண்டுகள் நீடித்த ஆட்சியே இல்லாமல் போனது.

குடியரசுத் தலைவர்களை மட்டும் பெயர் சொல்லி எழுதுகிறேன். மற்றவர்களைப் பதவியால் குறிக்கிறேன். பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன, ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் பெயரைச் சொன்னதும் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற கணக்குக்கு மனம் போய்விடுகிறது. எனக்கு இங்கே வேண்டியது அந்தக் கணக்கு அல்ல.

பின்னணி: யாருடைய குடியரசு?

விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று 1816இல் அமெரிக்காவில் ஒரு குடியேற்றச் சங்கம் தொடங்கப்பட்டது. 1822 முதல் அப்படி அனுப்பப்பட்டவர்கள் இந்தக் கரையில் ஊர் அமைத்தார்கள். 1847 ஜூலை 26 அன்று தங்களைச் சுதந்திரக் குடியரசாக அறிவித்தார்கள். ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ் முதல் தலைவர்.

அரசு முத்திரையில் ஒரு வாசகம் பொறித்தார்கள்: விடுதலை மீது கொண்ட அன்பே எங்களை இங்கே கொண்டுவந்தது. இதில் 'எங்களை' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கெப்பெல்லே, பாசா, க்ரூ, கிராண், வாய் என்று எத்தனையோ மக்கள் அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. முத்திரையில் அவர்கள் இல்லை, வாக்காளர் பட்டியலிலும் இல்லை. குடியுரிமையே 1904இல்தான் கிடைத்தது. குடிசை வரி மட்டும் வாக்குரிமைக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. வாக்கு 1940களின் நடுவில்தான் வந்தது, அதுவும் சொத்துத் தகுதியோடு.

குடியேறியவர்களின் வழிவந்தோர் மக்கள்தொகையில் சுமார் நூற்றுக்கு ஐந்து பேர். அவர்களுக்குள்ளும் ஒருசில குடும்பங்கள். அவர்களின் ட்ரூ விக் கட்சி 1878 முதல் இடைவெளியே இல்லாமல் ஆண்டது. தேர்தல் தவறாமல் நடக்கும், ஆனால் எப்படி? 1927 தேர்தலில் பதிவான வாக்காளர்கள் சுமார் 15,000 பேர். தலைவர் சார்லஸ் கிங் பெற்றதாக அறிவிக்கப்பட்ட வாக்குகள் 2,30,000க்கு மேல். தோற்ற வேட்பாளர் சும்மா இருக்கவில்லை. உள்நாட்டு மக்களைப் பிடித்து ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ போ தீவுத் தோட்டங்களுக்கு அனுப்பும் வியாபாரத்தை வெளியே சொன்னார். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் விசாரணைக் குழு அனுப்பியது, குற்றச்சாட்டில் பெரும்பகுதி உண்மை என்று தெரிந்தது. 1930 டிசம்பரில் தலைவரும் துணைத் தலைவரும் பதவி விலகினார்கள். கட்சி அசையவில்லை. ஆளை மாற்றிவிட்டால் போதும், அமைப்பைத் தொட வேண்டாம் என்ற பாடத்தை அந்தக் குடும்பங்கள் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டன என்று நினைக்கிறேன்.

பொருளாதாரமும் அதே வகைதான். 1926இல் ஃபயர்ஸ்டோன் ரப்பர் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் வரை, 99 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென்ட். பிறகு இரும்புத் தாது. ரப்பரும் தாதுவும் கப்பலேறின. அரிசி கப்பலில் வந்து இறங்கியது.

டோல்பர்ட் என்ற சீர்திருத்தக்காரர்

27 ஆண்டுகள் ஆண்ட வில்லியம் டப்மன் 1971இல் இறந்தார். அவருக்கு 19 ஆண்டுகள் துணைத் தலைவராக இருந்த வில்லியம் டோல்பர்ட் பதவிக்கு வந்தார். பாப்டிஸ்ட் போதகர். வால் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து அரசு விழாவுக்குப் போகிற கூட்டத்தில், கழுத்துப் பட்டி இல்லாத சஃபாரி உடுப்போடு பதவியேற்றார். அலுவலகத்துக்குச் சின்ன ஃபோக்ஸ்வேகன் காரில் வந்தார். கெப்பெல்லே மொழி பேசத் தெரிந்தவர். பாயில் படுப்பவர்களை மெத்தைக்கு உயர்த்துவோம் என்பது அவருடைய முழக்கம்.

இவரை வெறும் வேடதாரி என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டப்மன் காலத்தில் வாய் திறக்க முடியாதவர்கள் இவர் காலத்தில் சங்கம் தொடங்கினார்கள், கூட்டம் போட்டார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைஞர்கள் முற்போக்குக் கூட்டணி என்ற அமைப்பை நடத்தினார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தலைவரின் தம்பி ஒருவர் 1975இல் விமான விபத்தில் இறக்கும் வரை நிதி அமைச்சர். மீன்பிடித் தொழிலில் தொடங்கி வளர்ந்த பெரிய வணிகக் குழுமம் அவருடையது. இன்னொரு சகோதரர் செனட் அவையின் தலைமையில். மகன் மக்களவையில். 1975 தேர்தலில் டோல்பர்ட்டை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை.

அரிசி

லைபீரியாவில் ஒரு நாள் அரிசி சாப்பிடாதவர் அன்று சாப்பிடவே இல்லை என்று சொல்வார். மரவள்ளிக்கிழங்கோ வாழைக்காயோ வயிறு முட்டத் தின்றிருந்தாலும் கணக்கில் வராது. மரவள்ளி இலைக் குழம்போ பனை எண்ணெய்க் குழம்போ, எதுவானாலும் அடியில் சோறு இருக்க வேண்டும். சோறு என்றாலே சாப்பாடு என்று பேசிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்நாட்டில் மேட்டு நிலத்தில் காட்டை வெட்டி எரித்து மழையை நம்பி நெல் விதைப்பார்கள். அறுவடை மழைக்காலம் முடிகிற நேரத்தில். அதற்கு முந்தைய மாதங்களைப் பசிக்காலம் என்பார்கள். கையிருப்பு தீர்ந்திருக்கும், நெல் விளைவித்த குடும்பமே கடைக்குப் போய் இறக்குமதி அரிசி வாங்கும். நகரத்தில் ஆண்டு முழுவதும் அந்த நிலைதான். வசதி உள்ளவர் 100 பவுண்டு மூட்டையாக, அதாவது சுமார் 45 கிலோவாக வாங்குவார். மற்றவர்களுக்குச் சந்தையில் குவளை அளவுதான். மூட்டை விலை ஏறினால் குவளையில் குவியல் மட்டமாகும். அதை எந்த அரசாணையும் அறிவிக்காது, வாங்குகிறவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

1979 தொடக்கத்தில் அரசு கட்டுப்பாட்டில் இருந்த விலை மூட்டைக்கு 22 டாலர்.

முதல் முடிவு: விலை உயர்வு யோசனை

வேளாண் அமைச்சர் அதை 26 டாலராக்கலாம் என்றார். சுமார் 18 விழுக்காடு உயர்வு. காரணமும் சொன்னார்: இறக்குமதி அரிசி மலிவாகக் கிடைக்கிற வரை உள்நாட்டு உழவருக்கு நல்ல விலை கிடைக்காது, அவர் நிலத்தை விட்டுவிட்டு ரப்பர் தோட்டத்துக்கோ நகரத்துக்கோ போய்விடுகிறார், விலை கொஞ்சம் ஏறினால் ஊரிலேயே தங்கி நெல் விளைவிப்பார்.

தனியாக எடுத்துப் பார்த்தால் இது மோசமான வாதம் அல்ல. பொருளாதார வகுப்பில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, நான் மேலே சொன்ன பசிக்காலம். சிறு உழவர் ஆண்டில் பாதி விற்கிறவர், பாதி வாங்குகிறவர். விலை ஏறினால் அவருக்கு எந்தப் பக்கம் ஆதாயம் என்பது அவர் கையில் எவ்வளவு நெல் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. பெரிய பண்ணை வைத்திருப்பவருக்கு மட்டும் அந்தக் கேள்வியே கிடையாது, அவருக்கு எப்போதும் ஆதாயம்தான்.

இரண்டாவது ஓட்டை அங்கேதான் தொடங்குகிறது. பெரிய நெல் பண்ணை யாரிடம் இருந்தது? தலைவரின் குடும்பத்திடமும் அமைச்சரிடமும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். விலை 30 டாலருக்கே போகும் என்றும் பேச்சு பரவியது. நகரம் முழுக்க ஒரே கேள்வி: 4 டாலர் யார் பைக்குப் போகும்? அந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. பண்ணைக் கணக்கை எடுத்து வைத்து, இதோ பாருங்கள், எங்களுக்கு இவ்வளவுதான் என்று சொல்ல ஓர் இடம்கூட நாட்டில் இல்லை. சட்டமன்றம் முழுக்க ஒரே கட்சி, அமைச்சரைக் கேள்வி கேட்க வேண்டியவர் தலைவரின் சகோதரர். அமைச்சர் சொன்னது முழு உண்மையாகவே இருந்திருந்தாலும், அதை உண்மை என்று காட்டிக்கொள்ள அவருக்கு வழியில்லை. இந்த நிகழ்வில் என்னை நிறுத்தி யோசிக்கவைக்கும் இடம் இதுதான்.

இரண்டாம் முடிவு: ஊர்வலத்துக்குத் தடை

முற்போக்குக் கூட்டணி, குடியரசுத் தலைவர் மாளிகையை நோக்கி அமைதி ஊர்வலம் போக அழைப்பு விடுத்தது. அரசு அனுமதி மறுத்தது. கூட்டணி பின்வாங்கவில்லை.

ஏப்ரல் 14 ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. வீட்டில் விருந்துக்குச் சாமான் சேர்க்கிற நாள், தெருவில் ஆள் நடமாட்டம் சாதாரண நாளைவிட அதிகம். ஊர்வலத்தில் கிளம்பியவர்கள் சுமார் 2,000 பேர். வழியில் 10,000க்கும் மேற்பட்டோர் கூடச் சேர்ந்தார்கள். அரசியல் தெரிந்த மாணவர்களுக்குப் பின்னால், வேலை இல்லாமல் பின்தெருக்களில் திரிந்த இளைஞர்கள் சேர்ந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, பிறகு சுட்டது. அதன்பின் அது ஊர்வலமாக இல்லை. கடைகள் உடைந்தன, அரிசிக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. தனியார் சொத்துச் சேதம் மட்டும் சுமார் 4 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

தடை போட்டவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்று வாதிடலாம்: ஈஸ்டர் கூட்டம், நகரத்தில் பதற்றம், குறைந்த போலீஸ். ஆனால் அனுமதி கொடுத்திருந்தால் பாதை தெரிந்திருக்கும், நேரம் தெரிந்திருக்கும், கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஏற்பாட்டாளர்கள் கூடவே நடந்திருப்பார்கள். தடை போட்டதால் 2,000 பேர் வீட்டில் தங்கிவிடவில்லை. தலைமை இல்லாத 10,000க்கும் மேற்பட்டோர் கூடச் சேர்ந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் முடிவு: படையை அழைத்தது

போலீஸால் முடியாமல் ராணுவம் வந்தது. கலவரம் சுமார் 12 மணி நேரம் நீடித்தது. படையின் மேல் அதிகாரிகள் பெரும்பாலும் பழைய குடும்பங்களோடு தொடர்புள்ளவர்கள், சிப்பாய்கள் பெரும்பாலும் உள்நாட்டு மக்களின் பிள்ளைகள். சிப்பாயின் மனைவியும் அதே சந்தையில் அதே குவளையில்தான் அரிசி வாங்குகிறாள். சில சிப்பாய்கள் கூட்டத்தைச் சுடத் தயங்கினார்கள் என்றும் சிலர் சூறையாடலில் கலந்துகொண்டார்கள் என்றும் அன்றைய நாளைப் பற்றிய விவரிப்புகளில் வருகிறது.

டோல்பர்ட் அண்டை நாடான கினியாவிடம் உதவி கேட்டார்; கினியப் படை வந்து இறங்கியது. அப்போதைக்கு அமைதி திரும்பியது. ஆனால் சொந்தப் படையை நம்ப முடியவில்லை என்று அரசு ஊரறியச் சொல்லிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தப் படையின் சார்ஜென்ட்களும் இருந்தார்கள்.

அடுத்த பன்னிரண்டு மாதம்

இங்கே டோல்பர்ட் அரசு ஒருபோதும் ஒரே பாதையில் நிற்கவில்லை. முதலில் இறுக்கியது: அவசர அதிகாரங்கள், பல்கலைக்கழகம் மூடல், நூற்றுக்கணக்கானவர்கள் கைது, கூட்டணித் தலைவர்கள் மீது தேசத்துரோகக் குற்றச்சாட்டு. விலை உயர்வு யோசனையையும் கைவிட்டது. பிறகு தளர்த்தியது: நடந்ததை ஆராய ஒரு ஆணையம், ஜூனில் கைதானவர்களுக்குப் பொதுமன்னிப்பு. தளர்த்தியதற்குக் காரணம் நாட்காட்டியில் இருந்தது. ஜூலையில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாடு மன்ரோவியாவில். விருந்தாளிகள் வரும்போது சிறை நிறைந்திருந்தால் நன்றாக இருக்காது. மாநாட்டுக்காகக் கடற்கரையில் பெரிய ஹோட்டலும் ஒவ்வொரு நாட்டுத் தலைவருக்கும் தனி மாளிகையும் கட்டினார்கள். செலவு 10 கோடி டாலர் அளவில் என்று சொல்லப்படுகிறது. மூட்டைக்கு 4 டாலர் அதிகம் கேட்ட அரசு மூன்று மாதத்தில் அந்தக் கட்டடங்களைத் திறந்து வைத்தது. அதற்கு மேல் எதிர்க்கட்சிக்குப் பிரசாரம் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் மன்ரோவியா மேயர் தேர்தல். என் கணக்கில் இந்த ஆய்வின் மையமே அதுதான், பலர் அதை ஒரு வரியில் கடந்துபோவார்கள். பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் கட்சி சாராத வேட்பாளராக நிற்க முன்வந்தார். ட்ரூ விக் கட்சி தன் வேட்பாளரை நிறுத்தியது. சொத்து உள்ளவருக்கே வாக்கு என்ற பழைய விதி இன்னும் ஏட்டில் இருந்தது, அது பற்றி வாதம் எழுந்தது. நகரம் முழுக்க அந்தப் பேச்சுதான். சுயேச்சை வெல்வார் என்று தெரிந்ததும் தேர்தல் 1980க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஒரு மேயர் பதவிதான். ராணுவம் இல்லை, கருவூலம் இல்லை, குப்பை வண்டியும் சந்தை வரியும்தான் அவர் கையில் இருந்திருக்கும். ஆளும் குடும்பங்கள் அதை இழந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால் அதுவரை இல்லாத ஒன்று நாட்டில் உருவாகியிருக்கும்: அரசு சொல்கிற விலையை, அரசுக்கு வெளியே இருக்கும் ஒருவர் சரி என்றோ தவறு என்றோ சொல்ல ஓர் இருக்கை. நூறாண்டுப் பழக்கம் அதை விட்டுக்கொடுக்க விடவில்லை.

1980 ஜனவரியில் முற்போக்குக் கூட்டணியினர் முற்போக்கு மக்கள் கட்சி என்ற பெயரில் சட்டப்படி பதிவு பெற்றார்கள். மார்ச்சில் டோல்பர்ட் பதவி விலக வேண்டும் என்று பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அரசு திரும்பவும் இறுக்கியது. கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், மறுபடியும் தேசத்துரோக வழக்கு. விசாரணைக்குக் குறித்த நாள் ஏப்ரல் 14, கலவரத்தின் முதலாண்டு நிறைவு.

முடிவு

அந்த விசாரணை நடக்கவில்லை. ஏப்ரல் 12 அதிகாலை, சாமுவேல் டோ என்ற மாஸ்டர் சார்ஜென்ட் உட்பட மொத்தம் 17 சிப்பாய்கள் தலைவர் மாளிகைக்குள் புகுந்தார்கள். டோல்பர்ட் அங்கேயே கொல்லப்பட்டார். குழுவில் ஒருவர்கூட உயர் அதிகாரி கிடையாது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று, ராணுவ முகாமை ஒட்டிய கடற்கரையில் கம்பங்கள் நட்டு முந்தைய அரசின் 13 பேரைக் கட்டிவைத்துச் சுட்டார்கள். செனட்டை நடத்திய சகோதரர், ஊர்வல அனுமதி விவகாரத்தைக் கையாண்ட நீதி அமைச்சர் எல்லாரும் அதில் அடக்கம். சிறையிலிருந்த எதிர்க்கட்சித் தலைவர் வெளியே வந்து புதிய ஆட்சியின் வெளியுறவு அமைச்சரானார். தெருவில் ஆட்டம்பாட்டம் நடந்தது. மகிழ்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கடற்கரையிலும் முறையான விசாரணை இல்லை, கேள்வி கேட்க இடமில்லை. டோ பத்தாண்டு ஆண்டார். 1989இன் கடைசியில் உள்நாட்டுப் போர் மூண்டது, 1990இல் அவரும் கொல்லப்பட்டார். மேயர் தேர்தலில் நிற்க முடியாமல் போன அந்தப் பல்கலைக்கழக ஆசிரியர் அதே 1990இல் இடைக்கால அரசின் தலைவரானார். அப்போது அவர் கையில் இருந்தது கிட்டத்தட்ட மன்ரோவியா மட்டும்தான்.

எதை மாற்றியிருக்கலாம்

விலை உயர்வே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையை மாற்றியிருக்கலாம். முதலில் உழவரிடம் நெல் வாங்கும் விலையை உயர்த்தி, கொள்முதல் நிலையங்களை உள்நாட்டில் திறந்து, அறுவடை ஒன்று முடிந்து ஊரில் பணம் புழங்கிய பிறகு நகரத்து விலையைத் தொட்டிருக்கலாம். ஏப்ரல், அதாவது பசிக்காலத்தின் வாசல், இதைப் பேசவே கூடாத மாதம்.

பண்ணை வைத்திருப்பவர்கள் அந்த முடிவிலிருந்து விலகியிருக்க வேண்டும். அல்லது பண்ணையை விட்டிருக்க வேண்டும். இரண்டும் கஷ்டம் என்று தெரியும். ஆனால் அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்திருக்கலாம். கினியாவை அழைத்ததைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை. அன்றிரவு அவர்கள் இல்லாவிட்டால் சாவு கூடியிருக்குமா குறைந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. மேயர் தேர்தலில் எனக்குத் தயக்கமில்லை. குறித்த நாளில் நடத்தியிருக்க வேண்டும், தோற்றிருக்க வேண்டும்.

2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியபோது லைபீரிய அரசு அரிசி மீதான இறக்குமதி வரியை நிறுத்திவைத்தது. அப்போதைய தலைவர் எலன் ஜான்சன் சர்லீஃப் 1979இல் நிதித் துறையில் இருந்தவர். 1980இல் நாட்டைவிட்டுத் தப்பிய வேளாண் அமைச்சர், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பில் வேலை பார்த்துவிட்டு, 2009இல் அதே வேளாண் துறைக்கு அமைச்சராகத் திரும்பி வந்தார்.